வகுப்புப் பிழை

கருவியோடு ஒரு குறுந்தட்டும் வந்தது.
எங்கள் கணினியில் அதைப் போட வாயில்லை.
மாங்குளம் சந்திப் படக்கடைக்காரர்
பென்டிரைவில் ஏற்றித் தந்தார், நூறு ரூபாய்க்கு.

துணுக்காய்ப் பால் கூட்டுறவுக்கு
அட்டை வாசிப்பான் வந்து ஒன்பது நாள்.
இருநூற்றுப் பதினெட்டு அட்டைகள்
ரப்பர் பாண்ட் போட்டபடி அலுமாரிக்குள்.
பச்சை விளக்கு இன்னும் எரியவில்லை.

"டிரைவர் இல்லை, அதுதான் வேலை செய்யேல்லை" என்றேன்.
"ஏன் பிள்ளை, பவுசர் டிரைவர்
உதில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்றார்
பூலோகசிங்கம், கழுவிய கானைக் கவிழ்த்தபடி.

நிறுவினேன்.
கறுப்புத் திரையில் ஒரே வரி:
பிழையான வகுப்பு, முப்பத்திரண்டு.

எங்களுடையது அறுபத்துநான்கு பிட்.
தானமாக வந்த கணினி, லினக்ஸோடே வந்தது;
வேறெதுவும் வாங்கச் சங்கத்தில் காசில்லை.
வாசிப்பானைச் செய்தவன்
பழைய கணினிகளுக்கு ஒருமுறை எழுதிவிட்டு
வேறு வேலைக்குப் போய்விட்டான்.

வகுப்புப் பிழை எனக்குப் புதிதல்ல.
செட்டிகுளத்தில், கூடாரப் பள்ளிக்கூடத்தில்,
ஏழாம் வகுப்புக்காரியை ஐந்தில் இருத்தினார்கள்.
தேர்ச்சி அறிக்கை மாத்தளன் மணலுக்குள்.
ஆறு மாதம் பின்னம் கூட்டினேன்,
தெரிந்த பின்னங்களையே.
பக்கத்தில் இருந்தவள் என்னைக் கெட்டிக்காரி என்றாள்.

மறுநாள் பென்டிரைவை லாச்சிக்குள் எறிந்தேன்.
வயரைச் செருகினால் கணினி இரண்டு எண் சொல்கிறது:
செய்த நிறுவனத்தின் எண், பொருளின் எண்.
ஆளைத் தெரிகிறது,
உள்ளே விடத்தான் மறுக்கிறது.

பொதுவான டிரைவர் ஒன்று ஏற்கனவே உள்ளே கிடந்தது,
அறுபத்துநான்குக்கென்றே கட்டியது.
அதற்குப் பக்கத்தில் ஒரு கோப்பு,
கோப்புக்குள் மூன்று நீளப் பட்டியல்:
நிறுவன எண்கள், பொருள் எண்கள், நட்புப் பெயர்கள்.
ஒன்றில் நாற்பதாவதாய் நிற்பது
மற்ற இரண்டிலும் நாற்பதாவதாய் நிற்கவேண்டும்.

எங்கள் எண்ணைத் தேடினேன்.
மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.
தேடல் பெட்டியில் தட்டினால் ஒரு நொடி வேலை,
ஆனாலும் விரல் திரையில் ஊர்ந்தது.
செஞ்சிலுவைக்காரர் ஒட்டிய தாளில்
அம்மாவின் நகம் இப்படித்தான் இறங்கும்,
இல்லை என்று தெரிந்த பிறகும்
இன்னொரு தரம்.

இல்லை.

சரி, எழுதினால் போச்சு.
கடவுச்சொல் கொடுத்துக் கோப்பைத் திறந்தேன்.
முதற் பட்டியலின் அடியில் ஓர் எண்,
அடுத்ததன் அடியில் மற்றது.
மூன்றாவதில் என்ன இடுவது?
நட்புப் பெயருக்கு விதியில்லை,
சண்டைக்காரனென்றும் வைக்கலாம்.
"துணுக்காய்ப் பால்" என்று இட்டேன்.
ஓர் அடைப்புக்குறியை மூட மறந்து
சேவை எழும்பாமல் கிடந்ததும்
அதைக் கண்டுபிடிக்க மத்தியானம் போனதும் தனிக்கதை.

மூடினேன். சேவையைக் கிளப்பினேன்.
மேலே கிடந்த அட்டையைச் செருகினேன்.
கரண்ட் போனது.

பாலைக் குளிராக்கும் தாங்கிக்கு ஜெனரேட்டர் உண்டு,
எனக்கில்லை.
முக்கால் மணிநேரம் விசிறியின் இறக்கையை
அண்ணாந்து பார்த்தபடி இருந்தேன்.

பிறகு, பச்சை.
உசுப்பினதும் அட்டை சொல்லும் முதற்பதில்
எண்ணும் எழுத்துமாய்த் திரையில் ஓடியது.
உறுப்பினர் நூற்றிப் பதினேழு, பூலோகசிங்கம்.
காலைப் பால் ஆறரை லீற்றர்.

அவர் திரையைப் பார்க்கவில்லை.
"தண்ணி கலந்ததெண்டு ஏதும் சொல்லுதோ?"
"இல்லை அண்ணை."
"அப்ப நல்ல மெசின்தான்."

அடுத்த புதுப்பிப்பு வரும்போது
அந்தக் கோப்பு பழையபடி ஆகிவிடும்,
கேட்காமலே.
பால் கணக்குக் கொப்பியின் பின்மட்டையில்
இரண்டு எண்ணையும் பேனையால் எழுதினேன்,
ஈரக்கை பட்டு அழியாதபடி
மேலே செலோரேப் ஒட்டினேன்.
வெளியே பவுசர் ஹோன் அடித்தது.